பத்தியில் கிடந்த மோட்டார் சைக்கிள்



இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட இந்த நேரத்தில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘இவருக்கு என்ன நடந்தது?’ என்று உங்களுள் சிலர் யோசிக்கக்கூடும். நான் இந்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிக்கும் பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியன். வயது நாற்பத்தாறு. வெண்கட்டி பிடித்துப் பழகிய கை இது; ஸ்பனர் பிடித்துப் பழகியதன்று. ஆயினும் பதின்மூன்று ஆண்டுகள் ஓடாமல் கிடந்த மோட்டார் சைக்கிள் ஒன்றை 2023 ஆம் ஆண்டு பாடசாலை விடுமுறையில் நானே கழற்றிப் பூட்டி இயங்கச் செய்தேன். ‘நானே’ என்று சொல்வதில் ஒரு பொய் இருக்கிறது. அந்தப் பொய்யைத் திருத்தவே இந்த உரை. அதற்கு முன் வண்டியையும் அதன் பழுதுகளையும் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓடாத வண்டியொன்றை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு அது பயன்படவும் கூடும்.

வண்டி அப்பாவினுடையது. ஹொண்டா சீ. 70. எங்கள் ஊரில் ‘செவென்ரி’ என்றால் சிறு பிள்ளைக்கும் விளங்கும். ஜப்பானில் 1958 ஆம் ஆண்டு சொயிச்சிரோ ஹொண்டாவின் நிறுவனம் வெளியிட்ட ‘சுப்பர் கப்’ என்னும் சிறு வண்டியின் வழிவந்தது இது. ஹொண்டா எஞ்சினைக் கவனிக்க, அவருடைய பங்காளியான தக்கேயோ புஜிசாவா வியாபாரத்தைக் கவனித்தார். சாப்பாட்டுக் கடைப் பையன் ஒரு கையில் உணவை ஏந்திக்கொண்டு மறு கையால் ஓடக்கூடிய வண்டி வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணமாக இருந்தது. அதனால்தான் இதில் கையால் பிடிக்கும் கிளச் இல்லை. காலால் கியரை மாற்றினால் போதும். 2017 ஆம் ஆண்டில் இந்த இனத்து வண்டிகளின் மொத்த உற்பத்தி பத்துக் கோடியை எட்டியது. 72 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள ஒரேயொரு சிலிண்டர், மூன்று கியர், இருக்கைக்குக் கீழே பெற்றோல் தாங்கி. இவ்வளவுதான் வண்டி. பழுது பார்க்கப் பழகுபவனுக்கு இதைவிட எளிய ஆசான் கிடைப்பது அரிது.

1990 முதல் 1995 வரை யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்த வண்டியின் இன்னொரு முகமும் தெரியும். பொருளாதாரத் தடையினால் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றபோது, மண்ணெண்ணெயே வண்டிக்கும் எரிபொருளாயிற்று. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது; ஆவியாகாததில் பொறி பட்டாலும் தீப்பிடிக்காது. ஆகவே அப்பா ஒரு சிறு மருந்துப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார். சில துளிகளைக் காபரேட்டருக்குள் விட்டு உதைப்பார். எஞ்சின் பெற்றோலில் எழும்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓடும். புகை ஒழுங்கை முழுவதும் நிற்கும்.

அதே மண்ணெண்ணெயில்தான் நான் படித்த ஜாம் போத்தல் விளக்கும் எரிந்தது. கூட்டுறவுச் சங்கக் கடையொன்றில் வேலை பார்த்த அப்பா, வண்டிக்கு எவ்வளவு, விளக்குக்கு எவ்வளவு என்று போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து அளந்து ஊற்றுவார். எனக்குப் பரீட்சை வந்த நாட்களில் விளக்குக்குக் கூடுதலாக ஊற்றிவிட்டு அவர் கடைக்கு நடந்து போனதை நான் கண்டிருக்கிறேன்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது இந்த வண்டியும் எங்களோடு வந்தது. வந்தது என்றால் ஓடி வரவில்லை. நாவற்குழிப் பாலத்தில் அன்றிரவு மனிதர் நகரவே இடமிருக்கவில்லை. சீற்றில் இரண்டு அரிசிப் பைகள், அவற்றின் மேல் என் தங்கை. அப்பா உருட்டினார், நான் பின்னால் தள்ளினேன். அடுத்த ஆண்டு ஊர் திரும்பியபோதும் அது கூடவே வந்தது. அதன்பின் பெற்றோலும் கிடைத்தது. 2010 இல் கண்பார்வை மங்கியதால் அப்பா ஓடுவதை விட்டார். வண்டி குசினிக்குப் பின்னால் உள்ள பத்திக்குப் போயிற்று. ஒரு படங்கினால் மூடினோம். கோழிகள் அதன்மேல் படுத்தன.

2023 இல் பழைய இரும்பு வாங்கும் வியாபாரி ஒருவர் படலையில் நின்று விலை சொன்னார். 2020 ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய வண்டிகளுக்கும் அவற்றின் உதிரிப்பாகங்களுக்கும் நல்ல கிராக்கி. “இஞ்சாருங்கோ, குடுத்தால் பத்தியில இடமாவது மிஞ்சும்” என்றார் மனைவி. அப்பாவிடம் கேட்டேன். கதிரையில் இருந்தபடியே, “ஓடாத சாமானை வைச்சு என்ன செய்யிறது? குடு” என்றார். சொல்லிவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். நான் வியாபாரியிடம் ஒரு மாதத் தவணை கேட்டேன்.

நேயர்களே, வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவனுக்கு ஓர் ஒழுங்கு வகுத்திருக்கிறார். நோய் எது என்பதை முதலில் அறிய வேண்டும். பின் அதன் காரணத்தை. அதன் பின்னரே தணிக்கும் வழியை. இந்தக் குறளை எத்தனையோ வகுப்புகளில் பொழிப்புரை சொல்லி விளக்கியிருக்கிறேன். ஆனால் வண்டிக்கு முன்னால் குந்தியிருந்தபோது நான் செய்ய விரும்பியது மூன்றாவதைத்தான். உடனே கிக்கரில் ஏறி உதைக்க வேண்டும் போலிருந்தது. நல்ல வேளையாக அதைச் செய்யவில்லை. நெடுங்காலம் நின்ற எஞ்சினை எடுத்த எடுப்பில் உதைக்கக் கூடாது. சிலிண்டரின் உட்சுவரில் துரு படிந்திருக்கலாம். பிஸ்ரனின் வளையங்கள் ஒட்டியிருக்கலாம். பலவந்தப்படுத்தினால் வளையம் உடையும், சுவர் கீறும். பிளக்கைக் கழற்றி அந்தத் துவாரத்தினூடாகச் சில துளி ஒயில் விட்டு, ஓர் இரவு பொறுத்து, மறுநாள் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். நான் அழுத்தியபோது அது முதலில் மறுத்தது. பின் ஒரு முனகலோடு இறங்கியது. அடியில் கிடந்த பழைய ஒயிலை வடித்தேன். தார்போல வந்தது. புதிய ஒயில் ஊற்றினேன்.

துருப்பிடித்த திருகாணிகளும் இப்படித்தான். பலம் காட்டினால் தலை முறியும். எண்ணெய் விட்டு, மெல்லத் தட்டி, ஒரு நாள் விட்டு மறுபடி முயல வேண்டும். எனக்கு அப்போது சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை நினைவுக்கு வந்தார். 1887 ஆம் ஆண்டு கலித்தொகையைப் பதிப்பித்தவர் அவர். தொட்டால் ஒடியும், பிரித்தால் உதிரும் ஏடுகளை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாட்டைப் பட்டப்படிப்புக் காலத்தில் பரீட்சைக்காகப் படித்திருந்தேன். பிள்ளையவர்களின் பணியோடு என் வேலையை ஒப்பிடுவது தகாது. ஆனாலும் கைவிடப்பட்ட ஒரு பொருளைத் தொடுகின்றவனுக்கு முதலில் வேண்டியது விரலிலே நிதானம் என்பதை அந்தத் திருகாணிகளே எனக்கு விளங்கப்படுத்தின.

இனி எஞ்சினின் இயக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது நான்கடிப் பாடல் போன்றது. முதலடியில் பிஸ்ரன் கீழிறங்கிக் காற்றும் பெற்றோலும் கலந்த ஆவியை உள்ளே இழுக்கிறது. இரண்டாமடியில் மேலேறி அந்த ஆவியை அமுக்குகிறது. மூன்றாமடியில் பிளக் பொறி தட்ட, ஆவி எரிந்து விரிந்து பிஸ்ரனைக் கீழே தள்ளுகிறது. வண்டியை ஓட்டும் சக்தி இந்த ஓரடியில்தான் உண்டு. நான்காமடியில் எரிந்த புகை வெளியே போகிறது. ஆகவே ஓடாத வண்டியில் மூன்றைப் பார்க்க வேண்டும் என்று அறிந்தவர்கள் சொல்வார்கள். பொறி வருகிறதா? எரிபொருள் வருகிறதா? அமுக்கம் இருக்கிறதா? ஒரு கொப்பியில் இம்மூன்றையும் எழுதி, ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலாவது பொறி. கழற்றிய பிளக்கை அதன் கம்பியில் பொருத்தி, உலோகப் பகுதி எஞ்சினின் தலையில் படும்படி வைத்து, நிழலான இடத்தில் நின்று கிக்கரை உதைக்க வேண்டும். பக்கத்தில் பெற்றோல் இருத்தலாகாது. பிளக்கின் முனையில் நீல நிறப் பொறி தெறித்தால் நல்லது. எனக்கு ஒன்றும் தெறிக்கவில்லை. ‘பற்றறி செத்துப் போச்சு, அதுதான்’ என்று எண்ணினேன். அது பிழை. இந்த வண்டியில் பொறிக்கு வேண்டிய மின்சாரத்தைச் சுழலும் சில்லில் உள்ள காந்தமே தருகிறது. விளக்குக்கும் ஹோர்னுக்கும் பற்றறி வேண்டியிருக்கலாம், பொறிக்கு வேண்டியதில்லை. உண்மையான பழுது பொயின்ற் என்று சொல்லப்படும் இரு சிறு உலோக முனைகளில் இருந்தது. அவை பிரியும் கணத்தில்தான் பொறி உண்டாகும். பதின்மூன்று மழைக்காலத்து ஈரத்தில் அவற்றின் முகம் கறுத்துப் போயிருந்தது. சில்லில் உள்ள துவாரத்தினூடாக மெல்லிய எமரித் தாளைச் செலுத்தித் தேய்த்து, பின் வெறுந்தாளால் துடைத்தேன். அவை ஆகக் கூடுதலாகப் பிரியும் நிலையில் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் வரை இருக்க வேண்டும். பிளக்கின் முனையில் 0.6 முதல் 0.7 வரை. இவற்றை அளக்கும் மெல்லிய தகடுகள் கடைகளில் கிடைக்கும். அளந்து சரிசெய்து மறுபடி உதைத்தபோது நீலப் பொறி தெறித்தது. விறாந்தையில் இருந்த அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “ம்” என்றார்.

இரண்டாவது எரிபொருள். தாங்கியின் மூடியைத் திறந்தபோது பழைய வார்னிஷின் மணம் வந்தது. பெற்றோல் என்பது பல எண்ணெய்களின் கலவை. நெடுநாள் நின்றால் அதில் உள்ள இலேசானவை ஆவியாகிப் போய்விடும். எஞ்சியது பிசினாகத் திரளும். அது எரியாது; அத்தோடு காபரேட்டரின் நுண்ணிய வழிகளையும் அடைத்துவிடும். தாங்கியைக் கழற்றி, ஒரு பிடி சிறிய சுரைகளையும் மண்ணெண்ணெயையும் உள்ளே இட்டுக் குலுக்கினேன். துரு செந்நிறமாக வந்தது. தெளிவாக வரும்வரை ஐந்து முறை அலசினேன். காபரேட்டரைக் கழற்றியபோது அடிக்கிண்ணத்தில் மஞ்சட் பிசின் உறைந்திருந்தது. அதற்குள் இருக்கும் ஜெற் என்பது நடுவில் ஒரு மில்லிமீற்றரிலும் சிறிய துவாரமுள்ள பித்தளைத் திருகாணி. இதை ஊசியாலோ இரும்புக் கம்பியாலோ குத்தக் கூடாது. பித்தளை மெதுவானது, துவாரம் பெருத்துவிட்டால் கலவையின் அளவே மாறிவிடும். ஊறவைத்து, மின்கம்பியிலிருந்து பிரித்த ஒற்றைச் செப்பு இழையால் மெல்லத் துளாவி, காற்று ஊதித் துப்புரவாக்கினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது துவாரத்தினூடாகப் பகல் தெரிந்தது.

மூன்றாவது அமுக்கம். பிளக் துவாரத்தைப் பெருவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு உதைத்தால், அமுக்கம் உள்ள எஞ்சின் விரலைத் தள்ளிவிடும். என் விரலையும் தள்ளியது. கொப்பியில் மூன்றாவது சரி அடையாளமும் இட்டேன்.

எல்லாவற்றையும் பூட்டி உதைத்தேன். இருமுறை இருமியது; நின்றது. மீண்டும் உதைத்தேன். ஒருமுறை இருமியது, நின்றது. அன்று பின்னேரம் வரை உதைத்தேன். மறுநாளும் உதைத்தேன். பொறுமை போயிற்று. காபரேட்டரின் காற்றுத் திருகாணியை உள்ளே திருகினேன், வெளியே திருகினேன். பொயின்றின் இடைவெளியை மாற்றினேன். பிளக்கை மாற்றினேன். எதை எப்போது மாற்றினேன் என்பதும் மறந்து போயிற்று. மூன்றாம் நாள் அது இருமுவதையும் நிறுத்திவிட்டது.

அமெரிக்க எழுத்தாளர் றொபேட் பேர்சிக் என்பவரை இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். எழுத்துப் பயிற்சி கற்பித்த ஆசிரியராக இருந்தவர். 1968 இல் தம் மகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் மின்னசோட்டாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் பயணம் செய்தார். அந்தப் பயணத்தை வைத்து அவர் எழுதிய ‘ஸென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ என்ற நூல் நூற்றிருபத்தொரு பதிப்பாளர்களால் மறுக்கப்பட்டு 1974 இல் வெளிவந்தது. பழுது பார்ப்பவனின் வேலை தடைப்பட்டு நிற்கும் நேரத்தில் அவன் மனம் எப்படியெல்லாம் சறுக்குகிறது என்பதை அவர் விரிவாக ஆராய்கிறார். பழுது சில வேளை இயந்திரத்தில் இருப்பதிலும் கூடுதலாகப் பார்க்கின்றவனிடம் இருக்கிறது என்பது அந்த ஆராய்ச்சியில் நான் கண்டது. பல்கலைக்கழக நாட்களில் அதைப் படித்துவிட்டு நண்பர்களோடு பெரிதாகக் கதைத்திருக்கிறேன். அன்று பத்தியில் நின்று வண்டியின் சில்லுக்கு ஓர் உதை கொடுத்தபோது, அந்த நூல் என் ஞாபகத்தில் இருக்கவில்லை.

இனி நான் ஆரம்பத்தில் சொன்ன பொய்க்கு வருகிறேன். மறுநாள் சந்தியில் உள்ள கராஜ் ஒன்றுக்குக் காபரேட்டருக்கு ஒரு வாசர் வாங்கப் போனேன். அங்கே கை முழுவதும் கிறீஸுடன் என் வகுப்பு மாணவன் ஒருவன் நின்றான். தரம் பத்து. கராஜ் அவனுடைய மாமாவினுடையது. பின்னேரங்களில் அங்கே வேலை செய்கிறான் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அவனைப் பற்றி எனக்குத் தெரிந்தது வேறு. கட்டுரை வினாவுக்கு இரண்டு வரி எழுதிவிட்டுத் தாளைத் தருபவன். றகரமும் ரகரமும், லகரமும் ளகரமும் அவனுக்கு ஒன்றே. வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று நிலத்தைப் பார்ப்பான். சென்ற தவணை முன்னேற்ற அறிக்கையில் அவனுடைய பெயருக்கு நேரே, ‘கவனக் குறைவு. முயற்சி போதாது’ என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தேன்.

“சேர், என்ன வண்டி?” என்று கேட்டான். சொன்னேன். மாமாவிடம் கேட்டுக்கொண்டு அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்தான். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தான். தொடவில்லை.

“எத்தினை இடத்தில கை வைச்சனீங்கள், சேர்?”

“எல்லா இடத்திலயும்தான்” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. “அப்ப முதல்ல எல்லாத்தையும் பழைய நிலைக்குக் கொண்டு வருவம். ஒண்டை மாத்தினா, அதால என்ன நடந்தது எண்டு பாத்துப்போட்டுத்தான் மற்றதைத் தொடவேணும். ரெண்டைச் சேர்த்து மாத்தினா எது சரி, எது பிழை எண்டு தெரியாது.”

காற்றுத் திருகாணியை முழுதாக உள்ளே திருகி, பின் ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தான். பொயின்றின் இடைவெளியை அளந்து வைத்தான். நான் பெருமையோடு என் கொப்பியைக் காட்டினேன். மூன்று சரி அடையாளங்களையும் பார்த்தான்.

“உள்ள போறதை எல்லாம் பாத்திருக்கிறியள் சேர். வெளியால போறதைப் பாத்தனீங்களோ?”

சைலன்சரின் பின்துவாரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என்னை உதைக்கச் சொன்னான். உதைத்தேன். “கையில காத்து முட்டேல்லை. இது மூச்சு விடுகிதில்லை, சேர்” என்றான்.

நான்காமடி! வகுப்பில் நான்கடிகளையும் விளக்கத் தெரிந்தவனுக்கு, பார்க்கும்போது மூன்றுதான் நினைவில் நின்றது. எரிந்த புகை வெளியேறாவிட்டால் புதிய ஆவி உள்ளே வர இடமேது? இருமி நிற்பதைத் தவிர அந்த எஞ்சினுக்கு வேறு வழியில்லை. சைலன்சரைப் பூட்டியிருந்த சுரைகளுக்கு எண்ணெய் விட்டு, பொறுத்திருந்து கழற்றினோம். கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தபோது காய்ந்த களிமண் கட்டி கட்டியாக வந்தது. குளவிக் கூடு. ஒன்றன்பின் ஒன்றாகப் பல அறைகள். எத்தனை தலைமுறைக் குளவிகள் அதற்குள் குடியிருந்தனவோ! அதன் பின்னால் குழாயின் சுவர் முழுவதும் கரி தடித்துப் போயிருந்தது. தட்டத் தட்ட ஒரு பேணி நிறையக் கொட்டியது. விறாந்தையிலிருந்து அப்பா எழுந்து வந்திருந்தார். அந்தக் கரியில் கொஞ்சத்தை விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

“உது மண்ணெண்ணெய் ஓடின காலத்துக் கரி” என்றார்.

சைலன்சரைப் பூட்டினோம். “நீ உதை” என்று மாணவனிடம் சொன்னேன். “இல்லை சேர், நீங்கள் உதையுங்கோ” என்றான். மூன்றாம் உதையில் எஞ்சின் எழும்பியது. கோழிகள் வேலிக்கு மேலால் பறந்தன. அப்பா சீற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அதன் நடுக்கம் அவருடைய முழங்கை வரை ஏறியதைக் கண்டேன். ஒரு நிமிடம் போயிருக்கும். “காணும், நிப்பாட்டு. பெற்றோல் வீணாகுது” என்றார்.

எஞ்சின் இயங்கியதும் வீதிக்கு இறங்கிவிடலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். இயங்குவது வேறு, பயணத்துக்கு ஏற்றதாவது வேறு. பதின்மூன்று ஆண்டு நின்ற ரயர், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பக்கங்களில் வெடித்திருக்கும். ரயர் இரண்டையும் ரியூப் இரண்டையும் மாற்றினோம். பிறேக் சப்பாத்துகளைக் கழற்றித் துடைத்தோம். பழைய பிறேக் தூசியில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும் ஆதலால் அதை வாயால் ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைக்க வேண்டும். இதையும் அவன்தான் சொன்னான். செயினையும் கேபிள்களையும் மாற்றினோம். சிறிது தூரம் ஓடிய பின் ஒயிலை மறுபடி வடித்துப் புதியது ஊற்றினோம். உள்ளே இளகிய அழுக்கெல்லாம் அதனோடு வந்தது. வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி என்று அலுவலகங்களுக்கு அலைந்தது தனிக் கதை. இரும்பு வியாபாரி தவணை முடிந்து வந்தபோது நான் அந்த வண்டியில்தான் படலையால் வெளியே வந்தேன்.

வண்டியின் கதை இதோடு முடிகிறது. என் கதை முடியவில்லை.

அன்றிரவு முன்னேற்ற அறிக்கையில் நான் எழுதிய இரு வசனங்களும் நினைவுக்கு வந்தன. கவனக் குறைவு என்று எழுதியிருந்தேன். வண்டியைத் தொடுமுன் அதைச் சுற்றி நடந்து பார்த்தவன் அவன். மூன்று நாள் கண்டபடி திருகியவன் நான். முயற்சி போதாது என்று எழுதியிருந்தேன். பாடசாலை விட்டதும் இருட்டும்வரை கராஜில் நிற்கும் பிள்ளை அவன். நான் எழுதியது நோயுமன்று, நோயின் காரணமுமன்று. இருமல் கேட்டதும் வண்டி கூடாது என்று சொல்வதற்கும் அதற்கும் வேறுபாடில்லை. அவனுக்குள்ளே என்ன போகிறது என்பதையே ஓயாமல் பார்த்தேன். இலக்கணத்தைப் போட்டேன், செய்யுளைப் போட்டேன், குறிப்புகளைப் போட்டேன். அவனிடமிருந்து வெளியே வர ஒரு வழி திறந்திருக்கிறதா என்று கையை வைத்துப் பார்க்கவில்லை. இரண்டு வரிக்கு மேல் அவன் எழுதாததற்குக் காரணம், அந்த இரண்டு வரியிலும் நான் இட்ட சிவப்புக் கோடுகளாகவும் இருக்கலாம்.

பாடசாலை தொடங்கியதும் விளக்கக் கட்டுரை பாடத்துக்கு ஒரு தலைப்புக் கொடுத்தேன்: ‘நான் நன்கு அறிந்த ஒரு வேலையைச் செய்யும் முறை.’ அவனிடம் தனியாக, “எழுத்துப் பிழையை நான் பார்க்கேல்லை, வண்டியை எப்படிப் பார்க்கிறதெண்டு எனக்குச் சொன்னமாதிரி எழுது” என்றேன். ஒன்றரைப் பக்கம் எழுதினான். றகர ரகரக் குழப்பம் அப்படியே இருந்தது. ஆனால் முதலில் செய்வது முதலில் வந்தது. பின்னர் செய்வது பின்னர் வந்தது. ஒவ்வொரு படிக்கும் ‘ஏனென்றால்’ என்று ஒரு காரணம் இருந்தது. விளக்கக் கட்டுரைக்கு இலக்கணம் வேறென்ன? அதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். அவன் நிலத்தைத்தான் பார்த்தான். ஆனால் காது சிவந்திருந்தது.

அற்புதம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. 2025 இல் வெளியான சாதாரணதரப் பெறுபேற்றில் தமிழுக்கு அவனுக்குக் கிடைத்தது சாதாரண சித்திதான். இப்போது மாமாவின் கராஜில் முழுநேரமாக நிற்கிறான். வரும் வண்டிகளின் பழுதை ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறான். சென்ற மாதம் போயிருந்தபோது அதை எடுத்துக் காட்டி, “‘கறுப்பு’க்கு எந்த ‘று’ சேர்?” என்று கேட்டான். சொன்னேன். அவன் என்னிடம் தானாகக் கேட்ட முதற் கேள்வி அது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தவணை முடிவில் அறிக்கைகள் நம் மேசையில் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரே இரண்டு அங்குல இடம். அதில் எழுதுமுன் இப்போது நான் சற்று நேரம் பேனாவை மூடி வைக்கிறேன். எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் எழுதப் போகிறேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். விடை கிடைக்காத பிள்ளைகளின் பெயருக்கு நேரே, ‘இவரோடு பேச வேண்டும்’ என்று பென்சிலால் எழுதி வைக்கிறேன். சென்ற தவணை அப்படி ஒன்பது பெயர்கள் இருந்தன. ஆறு பேரோடு பேசிவிட்டேன். இன்னும் மூவர் இருக்கிறார்கள்.